பறக்கும் கட்டிலை வாடகைக்கு விட்டவன்

அரிசி விற்கிறவனிடம் யாரும் "இது நிஜமான அரிசியா?" என்று கேட்பதில்லை, மாயாஜாலக் கதைப் புத்தகத்தை வாடகைக்கு விடுகிறவனிடம்தான் "இதெல்லாம் நிஜமாய்யா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் புத்தகத்தையும் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள்.

யுத்தம் நடந்த வருஷங்களிலும், அது முடிந்து கொஞ்ச காலமும் எனக்கு அதுதான் தொழில். அரியலூர் கடைத்தெருவில் சிங்காரம் பிள்ளை என்று ஒரு ஜவுளிக் கடைக்காரர். துணிக்குத் தட்டுப்பாடு வந்து கடை அலமாரிகள் காலியானபோது, வெறும் பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் பொறுக்காமல் கதைப் புத்தகங்களாக வாங்கி அடுக்கிவிட்டார். அவற்றை ஊர் ஊராகக் கொண்டுபோய் வாடகைக்கு விட்டு, பதினைந்து நாள் கழித்துத் திரும்ப வாங்கி வருகிற வேலைக்கு ஆள் தேடினார். பள்ளிக்கூட இறுதிப் பரீட்சையில் கணக்கில் தவறிவிட்டு ஊரைச் சுற்றிக்கொண்டிருந்த நான் கிடைத்தேன். ஒரு சைக்கிள், பின்னால் ஒரு தகரப்பெட்டி. தூரத்து ஊர் என்றால், பெட்ரோல் கிடைக்காமல் அடுப்புக்கரிப் புகையில் ஓடின கரி பஸ்ஸின் கூரையில் சைக்கிளை ஏற்றிவிட்டு நானும் ஏறிக்கொள்வேன். மேடு வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ளுவோம்.

பெட்டியில் சரித்திரப் புத்தகங்களும் இருக்கத்தான் செய்தன. ஆனால் ஜனங்கள் கேட்டதெல்லாம் பேசும் கிளி, பறக்கும் கட்டில், ஏழு கடலுக்கு அப்பால் ஒரு தீவு, அந்தத் தீவில் ஒரு ராஜகுமாரி. இதைப் படித்துக்கொண்டிருக்கிற நீங்களும், தட்டில் சோறு ஆறிப்போவது தெரியாமல் புத்தகத்தோடு உட்கார்ந்து வீட்டில் திட்டு வாங்கியவராகத்தான் இருப்பீர்கள். ஆகவே உங்களிடம் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

தலைமையாசிரியரின் கடமை

பெரம்பலூரில் ஒரு தலைமையாசிரியர் இருந்தார். கோட்டு, தலைப்பாகை, கையில் பிரம்பு. மாயாஜாலக் கதை படித்தால் மூளை உருகிக் காது வழியாக ஓடிவிடும் என்று காலைப் பிரார்த்தனையிலேயே பிரசங்கம் செய்வார். என் சைக்கிள் பள்ளிக்கூடத் தெருவில் தென்படக் கூடாது என்று கட்டளை போட்டிருந்தார். நானும் தெரு முனையோடு திரும்பிவிடுவேன். அப்படி இருக்கையில் ஒரு நாள் பள்ளிக்கூடப் பியூன் என்னைத் தேடி வந்து, "பெரியவர் உடனே வரச் சொல்றாரு" என்றார். கணக்கில் தவறியவனுக்குத் தலைமையாசிரியர் அறை என்றாலே ஆகாது. ஆனாலும் போனேன்.

மேஜையின் மேல் எங்கள் கடைப் புத்தகம் இருந்தது. கண்ணாடிக் கோட்டைக்குள் அடைபட்ட ஏழு சகோதரர்களைப் பற்றிய கதை, இரண்டாம் பாகம். நாலாம் பாரம் வகுப்பில் எவனோ பூகோளப் புத்தகத்துக்குள் வைத்துப் படித்தபோது பிடிபட்டதாம். "சார், மன்னிக்கணும். முதலாளி கேட்பார், அதை மட்டும் குடுத்துடுங்க" என்று கெஞ்சினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, புத்தகத்தையே பார்த்தார். நடுவில் ஒரு சாக்பீஸ் துண்டு அடையாளத்துக்குச் செருகியிருந்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, தணிந்த குரலில் கேட்டார்: "ரெண்டாம் பாகத்தைத்தான் நான் பறிமுதல் பண்ணியிருக்கேன், மொதல் பாகம் எவன்கிட்ட இருக்குன்னு சொல்லு, அதையும் பறிமுதல் பண்ணியாகணும்."

கூப்பன் கடை வாசலில் ஒரு பந்தி

அரிசி கூப்பனுக்குத்தான் என்று ஆகிவிட்ட காலம். அரியலூரில் கூப்பன் கடை வாசலில் வரிசை கடைத்தெருக் கோடி வரைக்கும் நிற்கும். ஒரு காலை, எங்கள் வீட்டுக்கு அரிசி வாங்க நானும் தகரப்பெட்டியோடு வரிசையில் நின்றேன். கடை திறக்கவில்லை. வெயில் ஏறிற்று. பொழுது போகாமல் பெட்டியைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் படித்தேன். கேட்டதையெல்லாம் சமைத்துப் போடுகிற ஒரு மந்திரப் பானையைப் பற்றிய கதை. எனக்குப் பின்னால் நின்ற அம்மாள், கூடையை இடுப்பில் இடுக்கியவள், என் தோள் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "வாய்விட்டுத்தான் படியேன்ப்பா, நாங்களும் சும்மாதானே நிக்கிறோம்" என்றாள்.

படித்தேன். விறகுவெட்டி பானையைத் தட்டினான். வாழை இலை விரிந்தது. ஆவி பறக்கச் சம்பா அரிசிச் சோறு விழுந்தது. பருப்பு, அதன் மேல் உருக்கின நெய். வரிசை என்னைச் சுற்றி வட்டமாகிவிட்டது. "நெய் எவ்வளவுன்னு போட்டிருக்கா?" என்று ஒருவர் கேட்டார். "குழி பண்ணி ஊத்தினதுன்னு போட்டிருக்குங்க" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். வத்தக்குழம்பு வந்தது, ரசம் வந்தது, முந்திரி மிதக்கிற பாயசம் வந்தது. அதற்குள் கடைக்காரர் கதவைப் பாதி திறந்து, "இன்னிக்கு அரிசி லோடு வரல, சோளந்தான்" என்று சொல்லிவிட்டார். எல்லோரும் சண்டைக்குப் போவார்கள் என்று நினைத்துப் புத்தகத்தை மூடினேன். ஒருவரும் நகரவில்லை. அந்தக் கூடைக்கார அம்மாள் அதட்டினாள்: "பாயசத்தோட பாதியில எந்திரிச்சா எப்படி? மோரையும் ஊத்திட்டுப் போப்பா."

மரங்கள் வெளியேறிய விவகாரம்

ஒரு வருஷம் ஊரெல்லாம் 'வெள்ளையனே வெளியேறு' என்ற கோஷமாக இருந்தது. தந்திக்கம்பிகள் அறுந்தன; போலீஸ்காரர்களுக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம். ஜெயங்கொண்டம் போகிற வழியில் ஒரு சப்-இன்ஸ்பெக்டர் என் சைக்கிளை நிறுத்தினார். மீசை பெரிது, குரல் அதைவிடப் பெரிது. பெட்டிக்குள் துண்டுப் பிரசுரம் இருக்கிறதா என்று புரட்டியவர், கையில் அகப்பட்ட ஒரு கதையைப் பிரித்தார். மர நிழலில் உட்காருகிறவர்களுக்கு வரி போட்ட ஒரு ராஜாவின் கதை அது. வரி தாங்காமல் குடிகள் வெயிலில் வாடுவதைப் பார்த்து, ஒரு நாள் அந்த நாட்டு மரங்களெல்லாம் வேரைப் பிடுங்கிக்கொண்டு நடந்தே போய்விடும்.

"யாருய்யா இந்த ராஜா?"

"கதையில வர்ற ராஜாங்க."

"மரமெல்லாம் நாட்டை விட்டு வெளியேறிச்சுன்னு அச்சடிச்சிருக்கு. இந்த நாளையில 'வெளியேறு'ன்னா என்னா அர்த்தம்னு தெரியுமா ஒனக்கு?"

"ராஜாவை யாரும் வெளியேறச் சொல்லலீங்க. மரந்தானுங்க தானா வெளியேறுது."

அவர் கையிலிருந்ததை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். புத்தகத்தை விசாரணைக்கு எடுத்துக்கொள்வதாகவும், நான் தினமும் ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். என்னை உள்ளே தள்ளிவிடப் போகிறார்கள் என்று அம்மா அழுதாள். சிங்காரம் பிள்ளை என்னை யாரென்றே தெரியாது என்று சொல்லத் தயாராகிவிட்டார். முதல் நாள் போனபோது ஏட்டையா அந்தப் புத்தகத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். சப்-இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள், சந்தேகத்தில் பிடித்த ஒரு ஆட்டுத் திருடனும் கம்பிக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள், அவன் மேல் குற்றமில்லை என்று விட்டுவிட்டார்களாம், ஆனால் அவன் போகவில்லை; ஸ்டேஷன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். மரங்கள் போன பிறகு ராஜா தனியாக வெயிலில் உட்கார்ந்து, செய்த தப்பை உணர்ந்து அழுவதோடு கதை முடிந்தது. சப்-இன்ஸ்பெக்டர் புத்தகத்தைத் தூசி தட்டி என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "வரிக்கு வரி பாத்தாச்சு, அரசாங்கத்துக்கு விரோதமா ஒண்ணுமில்ல; ஆனா அந்த ராஜாவை வெறுமனே அழவிட்டது பத்தாதுய்யா."

அரணையாக மாறினவன்

ஆண்டிமடத்தில் வைத்திலிங்கம் என்று ஒரு முந்திரித் தோப்புக்காரர். மாடு முட்டித் தொடை எலும்பு முறிந்து, நாலு மாதம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று வைத்தியர் கட்டுப்போட்டுவிட்டார். தோப்பு முழுக்கக் காலால் நடந்தே ஆண்ட மனிதர். படுக்கையில் கிடந்து எல்லோர் மேலும் எரிந்து விழுந்தார். அவர் மனைவி கமலம்தான் என் சைக்கிளை மறித்து, "எதாவது நல்லதாக் குடுங்க, இல்லேன்னா இந்த மனுசன் எங்களையெல்லாம் கடிச்சுத் தின்னுடுவாரு" என்றாள். மந்திரவாதியின் சாபத்தால் அரணையாக மாறின ஒரு ராஜகுமாரன் கதையைக் கொடுத்தேன். அடுத்த தடவை போனபோது வைத்திலிங்கம் என்னைப் பார்த்துக் கத்தினார். கடைசி எட்டுத் தாள் இல்லை! எந்த ஊரிலோ யாரோ வெற்றிலை மடிக்கக் கிழித்திருக்கிறார்கள். "நான் இங்க அசைய முடியாமக் கெடக்கேன், அங்க அவனும் செவுத்துல அரணையாவே கெடக்கான். என்னாய்யா நடந்துச்சு?" அவர் குரல் உடைந்ததைக் கேட்டு எனக்குப் பாவமாகிவிட்டது. எனக்கும் முடிவு தெரியாது. ராஜகுமாரியின் கண்ணீர் முதுகில் பட்டு அவன் மறுபடி மனிதனானான், எழுந்து நடந்தான் என்று சொல்லிவைத்தேன். "நடந்தானா?" என்று இரண்டு முறை கேட்டார். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டாராம்.

நான் செய்த தப்பு, அதே புத்தகத்தை மீன்சுருட்டியில் அவருடைய மைத்துனர் சம்பந்தத்துக்கும் கொடுத்தது. கமலத்தின் கூடப்பிறந்த அண்ணன் அவர் என்று எனக்குத் தெரியாது. பங்காளிகள் நெருக்குதலில் வீடு கொள்ளாமல் திணறிக்கொண்டிருந்த மனிதர். அவர் முடிவைக் கேட்டபோது ஆண்டிமடத்தில் என்ன சொன்னேன் என்பது மறந்துபோய், மனிதனாக மாறச் சொல்லி எல்லோரும் கூப்பிட்டும் ராஜகுமாரன் வரவில்லை, சுவர் இடுக்கு வழியாக எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று சுகமாக அரணையாகவே இருந்துவிட்டான் என்று சொல்லியிருந்தேன். சம்பந்தத்துக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

வைத்திலிங்கம் கட்டுப் பிரித்து ஊன்றுகோலோடு எழுந்த பிறகு அவர்கள் வீட்டில் ஒரு காதுகுத்து. இரண்டு பேரும் சந்தித்தார்கள், கதை பேசினார்கள், "மனுசனா மாறினான்", "மாறவேயில்ல" என்று ஆரம்பித்து, பழைய நிலத் தகராறு வரைக்கும் போய், வைத்திலிங்கத்தின் பெண்ணைச் சம்பந்தத்தின் மகனுக்குக் கொடுக்கிற பேச்சே நின்றுபோகும் நிலைமைக்கு வந்துவிட்டது. ஜெயங்கொண்டத்திலிருந்து என்னை ஆள் விட்டு அழைத்துவந்தார்கள். விருந்தினர் அத்தனை பேரும் சுற்றி நிற்க, நான் உண்மையைச் சொன்னேன்: இரண்டும் நான் கட்டிவிட்டது. மாமனும் மச்சானும் ஒரே மாதிரி என்னை முறைத்தார்கள். அந்த முறைப்பிலேயே அவர்கள் சமாதானமானது தெரிந்துவிட்டது. அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்த கமலம் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அந்த ரெண்டும் பொய்யின்னு ஆயிப்போச்சில்ல, இப்ப மூணாவதா ஒண்ணு சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும்; சோறு அப்பறம் போடுறேன்."

ஓடத்தில் கேட்ட கதை

திருமழபாடியில் புத்தகம் கொடுத்துவிட்டுக் கொள்ளிடத்தைக் கடந்து தென்கரைக்குப் போக ஓடத்தில் ஏறினேன். காலை நேரம். ஓடக்காரர், நான், சந்தைக்குப் போகிற இரண்டு பேர், செல்லம்மா என்று ஒரு நிறைமாதக் கர்ப்பிணி, அவளுடைய மாமியார். தலைப்பிரசவத்துக்கு அக்கரையில் உள்ள தாய் வீட்டுக்குப் போகிறார்கள். இன்னும் இருபது நாள் இருக்கிறது என்று மாமியார் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதி ஆற்றில் காற்று தள்ளி, ஓடம் ஒரு மணல் திட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஓடக்காரரும் சந்தைக்காரர்களும் இறங்கித் தள்ளிப் பார்த்தார்கள், அசையவில்லை. ஓடக்காரர் ஆள் கூட்டி வர இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கரைக்குப் போனார். அந்த நேரம் பார்த்துச் செல்லம்மாவுக்கு வலி எடுத்துவிட்டது.

நான் ஆற்றைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். செல்லம்மா பயத்தில் மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆத்துலயே செத்துப்போயிடுவேன் அத்தே" என்று அழுதாள். மாமியார் என் முதுகைத் தட்டினாள். "பொட்டியில என்னா வச்சிருக்கீங்க?" "கதைப் புஸ்தகம்ங்க." "எடுத்துச் சத்தமாப் படிங்க. இது வேற எதையாச்சும் நெனைக்கட்டும்." கைக்கு அகப்பட்ட ஒன்றை எடுத்தேன், பறக்கும் கட்டில் கதை. ராஜகுமாரன் கட்டிலில் ஏறினான், மேகத்துக்குள் போனான், கீழே ஊர்களெல்லாம் எறும்புப் புற்றாகத் தெரிந்தன. வலி வந்தபோதெல்லாம் நான் நிறுத்தினேன். "நிறுத்தாதீங்க!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு செல்லம்மாதான் கத்தினாள். கட்டிலின் நாலாவது காலைத் தொடாதே என்று கட்டிலைக் கொடுத்த கிழவி சொல்லியிருந்தும் ராஜகுமாரன் தொட்டுவிட்டான். "அடப்பாவி, தொடாதேன்னு சொன்னாளேடா!" என்று அவள் போட்ட கூச்சலில் பாதி வலிக்கு, பாதி அவனுக்கு. கட்டில் கவிழ்ந்து அவன் ஒரு பாழுங்கிணற்றில் விழுந்தபோது, கரையிலிருந்து எட்டுப் பேர் வந்து ஓடத்தைத் தள்ளிவிட்டார்கள்.

கரையில் ஒரு வாழைக்கொல்லைக் குடிசைக்குள் பெண்கள் அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எனக்கு அங்கே நிற்க ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மரத்தடியில் நின்றேன். வெயில் சுள்ளென்று ஏறின பிறகு உள்ளே ஒரு குழந்தை வீறிட்டது. சந்தைக்காரர்கள் இரண்டு பேரும் என்னைக் கட்டிக்கொண்டார்கள், என்னவோ நானே பெற்ற மாதிரி. மாமியார் வெளியே வந்தாள், முகமெல்லாம் வியர்வையும் சிரிப்பும். "பொண்ணு. ரெண்டும் சுகமா இருக்கு" என்றாள். பிறகு, மருமகள் கண்ணைத் திறந்ததும் முதல் வார்த்தையாகச் சொல்லி அனுப்பியதை அப்படியே ஒப்பித்தாள்: "கெணத்துல விழுந்தவன் ஏறிட்டானா இல்லியான்னு அந்த அண்ணனைக் கேட்டுட்டு வாங்க அத்தே."

கடல் கதை மட்டும்

லப்பைக்குடிக்காட்டில் ஒரு வீட்டில் வாசலோடு புத்தகம் கொடுப்பேன். கமாலுதீன் ராவுத்தர் என்ற பெரியவர் வாங்கிக்கொள்வார். படிப்பது உள்ளே இருக்கிற மருமகள் ஜொகரா. அவளை நான் பார்த்ததில்லை. திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து வளையல் சத்தமும் குரலும் மட்டும் வரும். அவள் கணவர் கரீம் பினாங்கில் கடை வைத்திருந்தார். ஜப்பான்காரன் அந்தப் பக்கத்தைப் பிடித்த நாளிலிருந்து ஒரு கடுதாசி இல்லை. "மருமகப் புள்ள கடல் கதையாக் கேக்குது தம்பி. வேற எது குடுத்தாலும் வேணாங்குது" என்றார் ராவுத்தர். நான் யோசிக்காமல் ஒன்றைக் கொடுத்தேன். அதில் கப்பல் கவிழ்ந்து தீவில் ஒதுங்கிய வர்த்தகன், தீவு ராணியைக் கட்டிக்கொண்டு ஊரை மறந்துவிடுகிறான். அடுத்த தடவை அந்தப் புத்தகம் திரைக்கு அடியில் தரையோடு தள்ளிவிடப்பட்டது. "இப்படிப்பட்ட ஆளோட கதையெல்லாம் எங்க வூட்டுக்குள்ள வேணாம்" என்றது குரல். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு எடுத்து வைக்கிற ஒவ்வொரு புத்தகத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துப் பார்ப்பேன். போனவன் திரும்பி வருகிற கதைகள் எங்கள் கடையில் மொத்தமே மூன்றுதான் இருந்தன. அந்த மூன்றையும் மாற்றி மாற்றிக் கொடுத்தேன். அவளும் தெரியாதவள் போலவே வாங்கிக்கொண்டாள்.

மூன்று வருஷத்துக்கு மேல் அப்படி நடந்தது. யுத்தம் முடிந்து பல மாதம் கழித்து ஒரு நாள் போனபோது, வாசலில் ராவுத்தர் இல்லை. நாற்காலியில், ஒட்டின கன்னமும் குழிவிழுந்த கண்ணுமாக ஒருவர் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். யாரென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். ஒரு பெரிய மீன் நாயகனை முதுகில் ஏற்றிக்கொண்டு வந்து ஊர்க் கரையில் விடுகிற இடம் வந்தது. கரீம் வாய்விட்டுச் சிரித்தார். "அல்லாட காவல், மூணே நாள்ல வந்துட்டானே! அந்த மீனு என் கண்ணுல படலியே தம்பி. என்னா பட்டேன்னு மட்டும் கேக்காதீங்க." நான் கேட்கவில்லை. வழக்கம்போலக் கடல் கதையை அவர் கையிலேயே விட்டுவிட்டுத் திரும்பினேன். திரைக்குப் பின்னாலிருந்து வளையல் குலுங்கியது, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் குரலில் சிரிப்பு இருந்தது: "கடல் கதை இனிமே வேணாம் அண்ணே, ஆம்பள வூட்டை விட்டு நகராத கதையாப் பாத்து எடுத்துட்டு வாங்க."

மாரிமுத்துவின் கிணறு

அரியலூருக்கு வடக்கே மாரிமுத்து என்பவருக்கு மானாவாரி நிலம். இரண்டு வருஷம் மழை பொய்த்ததும், இருந்த ஆட்டையெல்லாம் விற்றுக் கிணறு தோண்டினார். அவர் மனைவி பொன்னம்மாவுக்குப் படிக்கத் தெரியும். சாயங்காலங்களில் அவள் படிக்க, அவர் கேட்பார். அப்போது அவர்கள் வீட்டில் இருந்தது கடல் ராஜாவின் கதை: பூமிக்கு அடியில் அவனுடைய அரண்மனை, வாசலில் காவலுக்குச் சுருண்ட ஒரு ராட்சத நத்தை, அதைத் தொட்டவன் வம்சம் விளங்காது. கதை பாதியில் இருக்கும்போது, கிணற்றில் ஐந்து ஆள் ஆழத்தில் மாரிமுத்துவின் கடப்பாரை 'ணங்' என்று ஒன்றில் பட்டது. மண்ணை விலக்கினால், முறம் அகலத்துக்குச் சுருண்ட நத்தை. கல்லாக. மாரிமுத்து கயிற்றைப் பிடித்து மேலே வந்தவர்தான், மறுபடி இறங்க மறுத்துவிட்டார். நான் போனபோது பொன்னம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க கொண்டாந்த புஸ்தகத்தால வந்த வெனை. தண்ணி இல்லாம நாங்க எங்க போறது? நீங்களே எறங்கி அதுங்கிட்ட பேசுங்க."

நான் இறங்கிப் பார்த்தேன். கதையில் எழுதியிருந்த மாதிரியே இருந்தது, சுருளுக்குள் சுருளாக. எனக்கு வேறு வழி தெரியவில்லை. பூமிக்கு அடியில் என்ன கல் கிடைக்கும் என்று பார்க்கிற ஒரு சர்க்கார் ஆபீசர் அப்போது அரியலூர் பங்களாவில் தங்கியிருந்தார். அவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையைக் கழுவிவிட்டு உடனே கிளம்பி வந்தார். கிணற்றுக்குள் இறங்கினவர் அந்தக் கல் நத்தையைக் குழந்தையைத் தடவுகிற மாதிரி தடவினார். மேலே வந்து, "பயப்படாதீங்க. இது நெசமாவே நத்தை மாதிரி ஒரு பிராணி, கல்லாப் போயிடுச்சு. மனுசன் பொறக்கறதுக்கு எவ்வளவோ காலத்துக்கு முன்னால இங்கெல்லாம் கடல். ஒங்க வயல்ல மீனு நீந்திச்சு" என்றார்.

மாரிமுத்து வெடித்துக் கிடந்த தன் நிலத்தை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரைக்கும் பார்த்தார். அலை வருகிறதா என்று பார்க்கிற மாதிரி இருந்தது. ஆபீசர் அந்தக் கல்லை வண்டியில் ஏற்றிக்கொண்டு போன மறுநாள் மாரிமுத்து மறுபடி கிணற்றில் இறங்கினார். இன்னும் ஒரு ஆள் ஆழத்தில் ஊற்று பீறிட்டது. பொன்னம்மா கைநிறைய அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டு அழுதாள். மாரிமுத்து முதலில் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்புக் கரிக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் குடித்தார். அடுத்த தடவை நான் போனபோது வயலில் நெல் நாற்று நின்றது, மாரிமுத்து தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ன சங்கதி என்று கேட்டேன். "எவனாச்சும் இதைப் புஸ்தகத்துல எழுதியிருந்தா, பைத்தியக்காரன்னு சொல்லியிருப்பேன் தம்பி, இப்ப நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறேன், ஒருத்தனும் நம்ப மாட்டேங்கிறான்."

இந்தத் தொழிலில் எனக்குச் சேர்ந்த ஆஸ்தியெல்லாம் ஓயாத முதுகுவலியும், எந்த ஊருக்குப் போனாலும் சௌக்கியமா என்று விசாரிக்காமல் "அப்பறம் என்னாச்சு?" என்று மட்டும் விசாரிக்கிற உறவுக்காரர்களும்தான் என்பதை, வேலை தேடிக்கொண்டிருக்கும் இளைஞர்கள் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.